கால்பந்து மைதானப் பராமரிப்பு: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை வட்டாரத்தில் தலைமை மைதானப் பராமரிப்பாளராக வேலை பார்க்கும் ஒருவன் எழுதிய பதில்கள் இவை. கேட்பவர்கள் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர்கள், கிளப் செயலாளர்கள், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் இளைஞர்கள். கேள்விகளில் பாதி புல்லைப் பற்றியவை. மீதி, மனிதர்களைப் பற்றியவை.

புல் வெட்டுவதற்கு ஒரு தலைமைப் பராமரிப்பாளர் எதற்கு?

வெட்டுவது மட்டும்தான் வெளியில் தெரிகிறது. சர்வதேச ஆட்டங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் ஆடுகளத்தின் அளவு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பரப்பு 7,140 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். அந்த ஒன்றே முக்கால் ஏக்கரில் நெல் போட்டிருந்தால் அறுவடைக்குப் பிறகு நிலத்தைக் காயப் போடுவோம். இந்தப் பயிரையோ, நன்றாக வளர்ந்திருக்கும் நாளில்தான் இருபத்திரண்டு பேர் முள் வைத்த காலணியோடு மிதிக்கிறார்கள். மறுநாளே அது பழையபடி நிமிர வேண்டும். தண்ணீர், மண், உரம், பூச்சி, இயந்திரம், ஆள் கூலி, ஆட்ட அட்டவணை எல்லாவற்றையும் ஒருவர் ஒன்றாக வைத்துப் பார்க்காவிட்டால் அது நடக்காது.

எந்தப் புல் போடலாம்? நர்சரியில் கொரியன் புல்லைச் சொல்கிறார்கள்.

கொரியன் புல் வீட்டு முற்றத்துக்கு அழகு. கால்பந்துக்கு வேண்டாம். மெதுவாக வளரும் புல் அது. ஓர் இடம் கிழிந்துவிட்டால் மூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

நமக்கு ஏற்றது பெர்முடா வகை. பெயரைக் கேட்டு வெளிநாட்டுச் சரக்கு என்று மிரள வேண்டாம், பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான் அது. தொழில்முறை மைதானங்களில் பெரும்பாலும் அதன் கலப்பினங்களைப் போடுகிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1960-இல் வெளிவந்த டிஃப்வே 419 இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அது மலட்டு வகை, விதை பிடிக்காது. தண்டுத் துண்டுகளைக் கரணையாக நடவேண்டும், அல்லது மண்ணோடு பெயர்த்த பாளமாக வாங்கி விரிக்கவேண்டும். ஆகவே யாராவது "டிஃப்வே விதை" என்று பாக்கெட்டை நீட்டினால் காசைக் கொடுக்காதீர்கள்.

உவரி, திருச்செந்தூர், காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் கிணற்று நீர் உப்புக் கரித்தால் பாஸ்பாலம் என்ற கடலோரப் புல்லை யோசிக்கலாம். உப்பைத் தாங்குவதில் பெர்முடாவை விட அது ஒரு படி மேல். ஆனாலும் நீரைப் பரிசோதிக்காமல் எந்தப் புல்லுக்கும் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

இங்கிலாந்து மைதானக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்யலாமா?

இயந்திரத்தைக் கையாளும் விதத்தையும் வேலை ஒழுங்கையும் கற்றுக்கொள்ளுங்கள். நாட்காட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுடையது ரை புல், குளிர் விரும்பி. நம்முடையது வெயில் விரும்பி. டெல்லியில்கூடக் குளிர்காலத்தில் பெர்முடா பழுப்பேறி உறங்கிவிடும். மேலே ரை விதை தூவிப் பச்சை காட்டுவார்கள். நெல்லையில் அந்த உறக்கமே கிடையாது. மார்கழியில் வளர்ச்சி சற்று மட்டுப்படும், அவ்வளவுதான். வருடம் முழுக்க வெட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது இதன் மறுபக்கம்.

எங்கள் மைதானம் செம்மண். பக்கத்து ஊரில் கரிசல். இரண்டுக்கும் ஒரே முறைதானா?

இல்லை. கரிசல்தான் கடினம். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மழையில் ஊறி உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் கால் மாட்டினால் கணுக்கால் போய்விடும். அதன்மேல் நேரடியாக ஆடுகளம் அமைக்காமல், வடிகால் குழாயும் ஜல்லியும் போட்டு மணல் அடுக்கு கட்டுவதே சரி. முறையாகக் கட்டும் தளத்தில் ஏறத்தாழ 10 செ.மீ. ஜல்லியும் அதற்கு மேல் 30 செ.மீ. மணல் சார்ந்த வேர்ப்படுகையும் இருக்கும்.

செம்மண் அதைவிட நல்ல பிள்ளை. ஆனால் மிதிபட மிதிபட மேல்தோல் இறுகி நீரை உள்ளே விடாது. ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போதும் 10 செ.மீ. இறங்க மறுத்தால் மண் இறுகிவிட்டது என்று பொருள். அப்போது உரம் போடுவது வீண், துளை போடுங்கள். கோர் ஏரேட்டர் இயந்திரம் கிடைத்தால் மண்ணைக் குச்சி குச்சியாக வெளியே எடுத்துவிடும். இல்லையென்றால் கோல் கம்பத்துக்கு நேர் முன்னே உள்ள கோல் வாய்ப் பகுதியில் மட்டுமாவது மெல்லிய கடப்பாரையால் நெருக்கமாகக் குத்திவிடுங்கள்.

தேரி மணலை அள்ளி வந்து போடலாமா என்று சாத்தான்குளம் பக்கத்து நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். காற்று கொண்டுவந்து குவித்த மணல் அது. மணிகள் பொடியானவை, உருண்டையானவை. காய்ந்தால் காலடியில் நழுவும்.

அப்படியானால் எந்த மணல்?

கால் முதல் ஒரு மில்லிமீட்டர் வரையுள்ள மணிகள் பெரும்பகுதியாக இருக்கவேண்டும். ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் எம்-சாண்டுக்குத்தான் பலரும் போகிறார்கள். கழுவிய எம்-சாண்ட் என்றால் பரவாயில்லை. கழுவாததில் கல்மாவு அதிகம். முதல் மழைக்கே அது சிமென்ட் பூசியதுபோல அடைத்துக்கொள்ளும். ஒரு கண்ணாடி பாட்டிலில் மணலும் நீரும் போட்டுக் குலுக்கி வைத்துப் பாருங்கள். மணல் ஒரு நிமிடத்தில் படிந்துவிடும். அதற்குப் பிறகும் நீர் நெடுநேரம் கலங்கியே இருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

மைதானம் முழுக்க 3 மி.மீ. கனத்துக்கு மணல் தூவ 21 கன மீட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். நம் ஊர்க் கணக்கில், நூறு கன அடி ஒரு யூனிட் என்றால், ஏழரை யூனிட். களிமண் தளத்தில் கொஞ்சம் மணலைக் கலந்து உழுதுவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மணல் முக்கால் பங்குக்கு மேல் போகாத கலவை செங்கல்லாகத்தான் இறுகும்.

தண்ணீர் எவ்வளவு?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால் அது ஒரு லிட்டர். நாளுக்கு 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 35,700 லிட்டர். 12,000 லிட்டர் லாரி மூன்று. கோடையில் இது தேவைப்படும். மார்கழியில் இதில் பாதிகூட வேண்டாம்.

தினமும் மேலாக நனைப்பது நாம் அதிகம் பார்க்கும் கெட்ட பழக்கம். வேர் மேலேயே தங்கிவிடும். ஒரு நாள் மோட்டார் பழுதானால் புல் சுருண்டுவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாகப் பாய்ச்சி, வேரைக் கீழே இறங்க வையுங்கள். நேரம், விடியலுக்கு முன். இரவு முழுக்க இலையை ஈரமாக வைத்திருந்தால் பூஞ்சைக்கு நீங்களே அழைப்பிதழ் வைத்த மாதிரி. மார்கழிப் பனியும் அப்படித்தான். அதிகாலையில் இரண்டு பேர் ஒரு நீளக் கயிற்றையோ ரப்பர் குழாயையோ புல்லின் மேல் இழுத்துச் சென்றால் பனித்துளி உதிர்ந்துவிடும். செலவே இல்லாத நோய்த் தடுப்பு.

ஆடி மாதம் எவ்வளவு பாய்ச்சினாலும் ஒரு பக்கம் காய்கிறது. ஏன்?

மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குற்றாலத்துக்குச் சாரலைத் தரும் அதே பருவக்காற்று, கயத்தாறு பக்கம் வரும்போது ஈரத்தை மலையிலேயே விட்டுவிட்டு வெறும் காற்றாக வீசுகிறது. காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், நமக்குத் திண்டாட்டம். ஸ்பிரிங்க்ளர் நீர் கிழக்கே அடித்துச் செல்லப்பட்டு மேற்குப் பக்கம் வறண்டு நிற்கும். காற்று அடங்கியிருக்கும் பின்னிரவில் பாய்ச்சுங்கள். காலி டப்பாக்களை ஆங்காங்கே வைத்து எதில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்து பாருங்கள், குறை எங்கே என்று தெரிந்துவிடும். மேற்கு எல்லையில் மரம் வைப்பது நல்லதுதான். ஆனால் நிழல் களத்தில் விழாத தூரத்தில் வையுங்கள், பெர்முடாவுக்கு நிழல் ஆகாது.

எந்த உயரத்தில் வெட்டுவது?

ஆட்டத்துக்கு 20 முதல் 25 மி.மீ. ஒரே வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. விடுமுறையில் முழங்கால் வரை வளரவிட்டு, போட்டிக்கு முந்தின நாள் ஒட்ட மொட்டையடிக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அப்படி வெட்டினால் பச்சை முழுவதும் போய்த் தண்டு மட்டும் மஞ்சளாக நிற்கும். உயரம் மீறிவிட்டால் சில நாள் இடைவெளியில் படிப்படியாக இறக்குங்கள்.

இயந்திரம் சிலிண்டர் மோவராக இருந்தால் கத்தரிக்கோல்போல வெட்டும். கத்தி விசிறிபோலச் சுழலும் ரோட்டரி என்றால் அந்தக் கத்தி கூராக இருக்கவேண்டும். மழுங்கிய கத்தி இலையைக் கிழிக்கும். மறுநாள் களம் முழுக்க நுனி வெளுத்திருக்கும். சிலிண்டர் கத்தியின் கூரை ஒரு துண்டு செய்தித்தாளால் சோதிக்கலாம். தாள் சுத்தமாக அறுபட்டால் சரி.

தொலைக்காட்சியில் தெரியும் இளம்பச்சை, கரும்பச்சைப் பட்டைகள் இரண்டு வகைப் புல்லா?

ஒரே புல்தான். வெட்டும் இயந்திரத்தின் உருளை இலையை எந்தப் பக்கம் சாய்த்ததோ அதைப் பொறுத்து வெளிச்சம் மாறித் தெரிகிறது. அழகுக்கான வேலை. மற்றதெல்லாம் முடிந்த பிறகு செய்யுங்கள்.

உரக் கணக்கு சொல்லுங்கள்.

முதலில் மண் பரிசோதனை. வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி ஆசிரியர்களிடமும் ஆலோசனை கேட்கலாம்.

நன்றாக வளரும் மாதத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 5 கிராம் வரை தழைச்சத்து (நைட்ரஜன்) கொடுக்கலாம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால் முழு மைதானத்துக்கு 78 கிலோ. 45 கிலோ மூட்டையில் ஒன்றே முக்கால். இதை ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டு உடனே நீர் பாய்ச்சுங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல்சத்தைக் (பொட்டாசியம்) கவனியுங்கள். அடைமழையில் யூரியா போட்டால் பாதி வாய்க்காலுக்குப் போகும், மீதி பூஞ்சையை வளர்க்கும்.

மக்காத சாணத்தை மைதானத்தில் பரப்பவேண்டாம். ஊரில் உள்ள அத்தனை களை விதையும் அதில் இருக்கிறது.

கோரையை எப்படி ஒழிப்பது?

பிடுங்கி ஒழிக்க முடியாது. மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். ஒன்றைப் பிடுங்கினால் அடுத்தது முளைக்கும். கோரைக்கென்றே இருக்கும் ஹாலோசல்ஃப்யூரான் மெத்தில் போன்ற மருந்தை, லேபிளில் உள்ள அளவுப்படி, வேளாண் அலுவலரைக் கேட்டுவிட்டு அடியுங்கள். ஒரு தடவையில் முடியாது. கோரை ஓரிடத்தில் மட்டும் அடர்ந்திருந்தால் அங்கே நீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள். நெருஞ்சிக்கு மருந்தே வேண்டாம். காய்க்கும் முன் வேரோடு கொத்தி எடுத்தால் போதும்.

மைதானத்தில் திடீரென்று கொக்குகள் கூட்டமாக இறங்குகின்றன. விரட்டவேண்டுமா?

விரட்டவேண்டாம், அவை என்ன தின்கின்றன என்று குனிந்து பாருங்கள். மைனாவும் உண்ணிக்கொக்கும் ஒரே இடத்தையே கொத்தினால் அங்கே படைப்புழுவோ வேர்ப்புழுவோ இருக்கும். ஒரு வாளி நீரில் கொஞ்சம் சோப்புத் திரவம் கலந்து அந்த இடத்தில் ஊற்றினால் படைப்புழுக்கள் சில நிமிடங்களில் மேலே வந்துவிடும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் பறவைகளிடமே விட்டுவிடலாம்.

கிரிக்கெட் உருளையை ஓட்டிச் சமப்படுத்தலாமா?

கூடாது. கிரிக்கெட் பிட்ச் இறுகவேண்டும், கால்பந்துக் களம் மூச்சு விடவேண்டும். மேடு பள்ளத்தை மணல் தூவித்தான் சமன் செய்யவேண்டும். ஈர மண்ணில் கனமான உருளையை ஓட்டினால் அந்தப் பருவத்தில் போட்ட துளையெல்லாம் வீண்.

ஒரு வாரத்தில் எத்தனை ஆட்டங்கள் தாங்கும்?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதுதான் இந்த வேலையிலேயே கடினம். என் கணக்கில், சாதாரண மண் தளத்தில் வாரத்துக்கு இரண்டு ஆட்டம், இரண்டு பயிற்சி. அதுவும் பயிற்சி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பகுதியில் நடக்கவேண்டும். மழை பெய்த மறுநாள் எதுவும் கூடாது. உலர்ந்த களத்தில் பத்து ஆட்டம் செய்யாத சேதத்தை ஊறிய களத்தில் ஒரே ஆட்டம் செய்துவிடும்.

"ஒரே ஒரு மேட்ச்தான் அண்ணாச்சி, பையன்கள் ஆசைப்படுகிறார்கள்" என்று வந்து நிற்பார்கள். மறுப்பதற்கு மனம் வராது. அதனால்தான் ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். தேதி, யார் இறங்கினார்கள், எத்தனை மணி நேரம், களம் ஈரமா உலர்ந்ததா, இவ்வளவு போதும். மூன்று மாதம் எழுதிய பதிவேட்டை நிர்வாகத்தின் மேசையில் வைத்தால் வாதம் பாதியாகக் குறையும். பராமரிப்பாளர் "இன்று ஆட்டம் வேண்டாம்" என்றால் அந்த வார்த்தை செல்லும் என்ற ஏற்பாடு இல்லாத இடத்தில் எத்தனை லட்சத்துக்குப் புல் போட்டாலும் அடுத்த வருடம் மண்தான் மிஞ்சும்.

பெரிய சிக்கல் மே மாதத்தில் வரும். புல் மிக வேகமாக வளர்வதும், துளை போட்டு மணல் தூவிப் புதுப்பிக்க ஏற்றதும் வெயில் காலம்தான். கோடை முகாமும் விடுமுறைப் போட்டிகளும் அப்போதுதான் நடக்கின்றன. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது. பள்ளி திறந்து, பாபநாசம் அணையைக் கார்ப் பருவ நெல் சாகுபடிக்குத் திறக்கிற ஜூனில் களத்தைக் குறைந்தது ஆறு வாரம் பூட்டிவிடுவது என் வழக்கம். ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

கோல் வாய் எப்போதும் வழுக்கையாகவே இருக்கிறது.

கோல்கீப்பர் பயிற்சியை அங்கே நடத்துவதால். நகர்த்தக்கூடிய கோல் கம்பம் ஒன்று வாங்கி எல்லைக்கு வெளியே பயிற்சி கொடுங்கள். அந்தக் கம்பத்தைத் தரையோடு பிணைத்தோ மணல் மூட்டை வைத்தோ கட்டாயம் நிலைநிறுத்துங்கள். தொங்கும் குழந்தைகள் மேல் கம்பம் சாய்ந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. ஒட்டுப் போடுவதற்கு மைதான ஓரத்தில் அதே மணல், அதே புல்லில் ஒரு சிறு நாற்றங்கால் வளர்த்து வையுங்கள்.

பொதுக்கூட்டம், கண்காட்சி என்று மைதானத்தைக் கேட்கிறார்கள். என்ன நிபந்தனை போடுவது?

மறுக்க முடிந்தால் மறுத்துவிடுங்கள். முடியாவிட்டால் எழுத்தில் வாங்குங்கள்: லாரி உள்ளே வரக்கூடாது; பந்தல்கால் எல்லைக் கோட்டுக்கு வெளியேதான்; தார்ப்பாய் புல்லின் மேல் வெயிலில் கிடக்கக்கூடாது. நம் ஊர் மதிய வெயிலில் தார்ப்பாய்க்கு அடியில் புல் வெந்துபோக ஒரு பகல் போதும். முடிந்ததும் குழிகளைச் செம்மண்ணால் மூடாமல், படுகையில் உள்ள அதே மணலால் மூடுங்கள். பிறகு ஒரு பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் களம் முழுக்க இழுத்துப் பாருங்கள். ஒட்டிவரும் ஆணிகளை ஒரு டப்பாவில் போட்டு அனுமதி கொடுத்தவருக்கே காட்டலாம்.

வெள்ளம் புகுந்த மைதானத்தை என்ன செய்வது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியபோது, தாமிரபரணி கரை மீறித் தாழ்வான இடங்களில் எல்லாம் வண்டலை விட்டுச் சென்றது. நீர் வடிவது ஒரு பிரச்சினையே இல்லை. அது விட்டுப்போகும் வண்டல்தான் பிரச்சினை. அது காய்ந்தால் புல்லின் மேல் ஓடுபோல இறுகி மூச்சை அடைக்கும். ஈரம் இருக்கும்போதே கைப்பிடி வைத்த மரப் பலகையால் வழித்துத் தள்ளி, குழாய் நீரால் கழுவுங்கள். களம் நடக்கும் அளவுக்கு இறுகியதும் துளை போடுங்கள். கழிவுநீர் கலந்திருக்கும் என்பதால் சில நாள் யாரையும் இறக்காதீர்கள்.

சாதாரண மழைக்குச் சரிவே போதும். நடுவிலிருந்து பக்கக் கோடு வரை உள்ள 34 மீட்டரில் அரை சதவீதச் சரிவு என்றால் 17 செ.மீ. இறக்கம். கண்ணுக்குத் தெரியாது, நீருக்குத் தெரியும். புரட்டாசிக்குள் ஓரக் கால்வாய்களைத் தூர் வாரிவிடுங்கள்.

மழையில் ஆட்டத்தைத் தொடரலாமா என்பதை முடிவு செய்பவர் நடுவர். களத்தின் நிலையை அவருக்கு உள்ளபடி சொல்வது நம் வேலை.

கோடு போடச் சுண்ணாம்பு பயன்படுத்தலாமா?

வேண்டாம். சுட்ட சுண்ணாம்பு புல்லையும் தோலையும் எரிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கோலத்துக்குப் பயன்படும் வெள்ளைக்கல் மாவு பாதுகாப்பானது. நீரில் கரையும் மைதான வண்ணம் இன்னும் மேல்.

கோட்டின் அகலம் 12 செ.மீ.-ஐ மீறக்கூடாது. மூலை செங்கோணமா என்று பார்க்க 3, 4, 5 மீட்டர் முக்கோணம் போடுங்கள். பிறகு மூலைக்கு மூலை அளந்தால் 105-க்கு 68 களத்தில் இரு பக்கமும் 125 மீட்டர் 10 செ.மீ. வரவேண்டும். வராவிட்டால் அழித்து மறுபடி போடுங்கள். கோணலாகப் போட்ட கோட்டைச் சரிசெய்ய நினைத்து அடுத்த கோட்டையும் கோணலாக்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இத்தனை தொல்லைக்குச் செயற்கைப் புல்லே போட்டுவிடலாமே?

தண்ணீரே இல்லாத ஊரில், நாள் முழுக்க பிள்ளைகள் ஆடும் இடத்தில் அது நியாயமான தேர்வு. ஆனால் உச்சி வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். பராமரிப்பே வேண்டாம் என்பதும் பொய். துலக்கவேண்டும், ரப்பர் மணியை நிரப்பவேண்டும், ஆயுள் முடிந்ததும் மொத்தத்தையும் சுருட்டி எங்காவது கொண்டுபோய்ப் போடவேண்டும்.

ஆடு, மாடு, மயில்?

ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேலி. மயிலைத் தொடாதீர்கள், சட்டம் பாதுகாக்கும் பறவை அது. புதிதாக நட்ட கரணையை மட்டும் வலை போட்டு மூடுங்கள்.

இந்த வேலைக்கு வர என்ன படிக்கவேண்டும்?

வேளாண்மை அல்லது தோட்டக்கலைப் பட்டயம் இருந்தால் நல்லது, இல்லாமலும் வரலாம். மோட்டார், இயந்திரம் பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு எங்கும் இடம் உண்டு. விளையாட்டு அரங்கம், கிரிக்கெட் மைதானம், கோல்ஃப் திடல் எதிலாவது ஒரு பருவமழையும் ஒரு கோடையும் உதவியாளராக இருந்து பாருங்கள். போகும்போது சொந்தமாக ஒரு கத்தியும் ஒரு குறிப்பேடும் கொண்டுபோங்கள். கத்தி எதற்கென்றால், வாரம் ஒருமுறை புல்லை ஒரு சாண் ஆழத்துக்கு அறுத்து எடுத்து வேர் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்கு.